செத்தவன் வாளில் மூன்றாவது மந்திரம்

பேய்க்குக் கம்ப்யூட்டர் ஓட்டத் தெரியுமா என்று திருப்பதியிலிருந்து சித்தூர் வந்து சேர்வதற்குள் ரூபா மூன்று முறை கேட்டுவிட்டாள். தமிழ்வேந்தன் மூன்று முறையும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதினெட்டு வருடமாகத் துப்பறிகிற மனிதர். பதில் தெரியாத கேள்வி வந்தால் மாந்தோப்பைப் பார்ப்பது அவர் வழக்கம். அந்தச் சாலையில் மாந்தோப்புக்குக் குறைவே இல்லை.

ரூபா நகரிக்காரி. வயது முப்பத்தைந்து. நாலு வருடமாக அவருக்கு உதவியாளர், டிரைவர், வாய் எல்லாம் அவள்தான். அவர் பேசாமல் விடுவதை எல்லாம் சேர்த்து இவள் பேசிவிடுவாள். பயம் வந்தால் இன்னும் அதிகமாகப் பேசுவாள். அன்று செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் வாய் ஒரு நிமிடம்கூட ஓயவில்லை.

மிஷன் காம்பவுண்டு ஓட்டு வீட்டின் கேட்டிலேயே தபிதா காத்திருந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"நாளன்னிக்கு வியாழக்கிழமை காலைல பத்து மணிக்கு எங்க தம்பி கல்லறையைத் தோண்டறாங்க சார்" என்றாள் எடுத்த எடுப்பில். "ஆர்.டி.ஓ. உத்தரவு வந்துட்டுது. மனு போட்டது எங்க நைனா."

தம்பி பெயர் பென்னி. இருபத்தெட்டு வயது. ஊர் ஊராகப் போய் மோட்டார் சர்வீஸ் பார்க்கிற வேலை. திருப்பதியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். நவம்பர் மழையில் திருப்பதிக்கு வெளியே ஒரு தரைப்பாலத்தில் பைக்கோடு அவனைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. நாலு நாள் கழித்து ஏரிக்கரைப் புதரில் உடல் கிடைத்தது. முகம் முகமாக இல்லை. சட்டையையும் பாக்கெட்டிலிருந்த ரூம் சாவியையும் வைத்து அடையாளம் சொல்லி, கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அது நடந்து நாலு மாதம் ஆகிறது.

"இப்போ நைனா என்ன சொல்றாரு?" என்று கேட்டார் தமிழ்வேந்தன்.

"புதைச்சது பென்னி இல்லைங்கறாரு. நீங்களே கேளுங்க. குழியைத் தோண்டினா எங்கம்மா தாங்கமாட்டாங்க சார். தோண்டலைன்னா நைனா இப்படியே பைத்தியம் ஆயிடுவாரு. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். அந்த வாளை யாரு தொடறாங்க?"

அது பென்னியின் கம்ப்யூட்டர் விளையாட்டில் இருக்கிற வாள். போனில் கேட்ட கதைதான். வீட்டு வாசலில் நின்று கேட்கும்போது அதன் ருசியே வேறாக இருந்தது.

தபிதாவின் அப்பா தியோடர் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். மகனுடைய அறையில், மகனுடைய நாற்காலியில், மகனுடைய கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மேசையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர். அதைத்தான் முதலில் நீட்டினார்.

"போலீஸ்காரங்க குடுத்தது. அந்தப் பொணத்தோட மணிக்கட்டுல கட்டியிருந்த கயிறு. பாருங்க. மூணு முடிச்சு. நாங்க நாலு தலைமுறையா சபையில இருக்கிறவங்க. எங்க வீட்ல எவன் கயிறு கட்டுவான்? பென்னி ஞாயித்துக்கிழமை கீபோர்டு வாசிக்கிறவன். அவன் கையில சாமிக் கயிறு இருக்கவே இருக்காது. அப்போ நான் புதைச்சது வேற யாரோ பெத்த புள்ளை."

"டி.என்.ஏ. டெஸ்ட் பண்ணலீங்களா ஐயா?" என்றாள் ரூபா.

"அதுக்குத்தாம்மா தோண்டச் சொல்றேன்."

தமிழ்வேந்தன் கவரைப் பிரித்து நூலை விரலில் உருட்டினார். வெளுத்த மஞ்சள் நிறம். ஒரு மெல்லிய இழைதான், ஆனால் கம்பி போல விறைத்திருந்தது. திரும்ப உள்ளே போட்டார். தியோடர் கம்ப்யூட்டரைத் திறந்தார்.

விளையாட்டின் பெயர் வஜ்ரகோட்டை. அரக்கர், கோட்டை, வாள், வில் எல்லாம் உண்டு. ஆயுதம் கிடைத்தால் மட்டும் போதாது; உலைக்களத்துக்குக் கொண்டுபோய் அதில் மந்திரம் ஏற்ற வேண்டும். ஒரு மந்திரம் ஏற்றுவது சின்னப் பிள்ளைக்கும் வரும். இரண்டைச் சேர்ப்பதுதான் வித்தை. அதிலும் தீயையும் பனியையும் ஒரே வாளில் சேர்த்தால் வாள் இரண்டாகப் பிளந்துவிடும். ஆயிரக்கணக்கான பேர் முயன்று உடைத்திருக்கிறார்கள். உடையாமல் இரண்டும் ஏறிய வாள் ஒன்றே ஒன்று. அது பென்னியுடையது.

"இந்தப் பக்கம் சிவப்பு, தீ. அந்தப் பக்கம் வெள்ளை, பனி" என்றார் தியோடர். நாலு மாதத்தில் மனிதர் எல்லாம் படித்திருந்தார். "அடக்கம் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு இதைத் திறந்து பார்த்தேன். பாஸ்வேர்டு உள்ளேயே இருந்தது. அப்போ ரெண்டுதான். அப்புறம் மெல்ல மெல்ல மூணாவது ஒண்ணு ஏறிக்கினே வருது. நடுவுல பாரும்மா."

வாளின் நடுத்தண்டில் நீலமாக ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"அது என்னங்க ஐயா?"

"தண்ணி."

தண்ணீரில் போன பையனுடைய வாளில், அவன் போன பிறகு தண்ணீர் மந்திரம் ஏறுகிறது. அந்த வீட்டில் எவரும் அதைச் சிரித்துக்கொண்டு பார்க்க முடியாது.

"வாள் புடிச்சவனைப் பாருங்க" என்றார் தியோடர். திரையில் உயரமான ஒரு வீரன், உலைக்களத்துக்குப் பக்கத்தில் ஓடும் ஆற்றின் கரையில், தண்ணீரைப் பார்த்தபடி நின்றான். பெரியவர் ஒற்றை விரலால் பொத்தானை அழுத்தி அழுத்தி அவனை நடத்தினார். சுவரில் முட்டி, மரத்தில் முட்டி, ஒருவழியாக ஒரு குன்றின் மேல் கொண்டுபோய் நிறுத்தினார். "தெனமும் இந்த மேட்டுல நிறுத்திட்டுத்தான் எழுந்திரிப்பேன். தண்ணி ஓரத்துல நிக்கவேணாம் பாரு. மறுநாள் வந்து பார்த்தா திரும்ப ஆத்தங்கரையிலேயே நிக்கிறான்."

அவர் குரல் உடைந்தது.

கதவருகே தபிதாவின் அம்மா ஜெயசீலி வந்து நின்றிருந்தாள். "பெத்த புள்ளையை ரெண்டு தடவை புதைக்கச் சொல்றாரும்மா இவரு" என்றாள் ரூபாவைப் பார்த்து. அவ்வளவுதான் சொன்னாள், திரும்பி உள்ளே போய்விட்டாள்.

தெருவுக்கு வந்ததும் தமிழ்வேந்தன் வாயைத் திறந்தார். "ரூபா, கோயில் கயிறு என்ன கலர்?"

"சிவப்பு. கறுப்பு. சில இடத்துல மஞ்சள். எல்லாம் பருத்தி நூல். எனக்கே ஏழெட்டுக் கட்டியிருக்காங்க, ஒண்ணும் வேலை செய்யல."

"இது பருத்தி இல்லை. பட்டு. கடையில விக்கிற பட்டும் இல்லை. அது மெத்துனு இருக்கும், இது பிசின் போகாம விறைச்சிக்கினு இருக்குது. நூலா உருவினதுக்கு அப்புறம் சாயமும் பார்க்கல, பிசின் போக்குற வேக்காடும் பார்க்கல. இதை எந்தக் கோயில்லயும் கட்டமாட்டாங்க, எந்தக் கடையிலும் விக்கமாட்டாங்க."

"அப்போ யாரு சார் கட்டுவாங்க?"

தமிழ்வேந்தன் மாந்தோப்பைத் தேடினார். தெருவில் மாந்தோப்பு இல்லாததால் கார்க் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

*

புதன்கிழமை காலை ஏழரை மணிக்குத் திருப்பதியில் சுதீரின் நெட் சென்டர் ஷட்டர் பாதிதான் உயர்ந்திருந்தது. பென்னியோடு சேர்ந்து விளையாடிய ஒரே நண்பன். தரிசன டிக்கெட் பிரிண்ட் எடுக்க நாலு பேர் நின்றார்கள். அவர்களை அனுப்பிவிட்டு உள்ளே கூப்பிட்டான்.

ரூபா நேராக விஷயத்துக்கு வந்தாள். "பாஸ்வேர்டு உனக்குத் தெரியும். வாளும் தெரியும். நீதானே அது?"

"அய்யோ ராமா! நான் தொட்டா வாள் ரெண்டாப் போவும் அக்கா. பதினாலு வாளை உடைச்சவன் நான்." சுதீர் அவமானத்தோடு ஒப்புக்கொண்டான். "பாஸ்வேர்டும் தெரியாது. ஆனா ஒண்ணு காட்டறேன். இந்த கேம்ல ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு ஜாதகம் உண்டு. எந்த மந்திரம், எத்தனை மணிக்கு, எத்தனை நேரம் ஏத்தினாங்கன்னு யார் வேணாலும் பார்க்கலாம்."

திரையில் பென்னி வாளின் ஜாதகம் நீளமாக இறங்கியது. தமிழ்வேந்தன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"நாங்க எல்லாம் தீயை மொத்தமா ஏத்துவோம், அப்புறம் பனியை மொத்தமா ஏத்துவோம். டமால்!" என்றான் சுதீர். "இவன் வேற மாதிரி. தீ ரெண்டு நிமிஷம், எடுத்துடறான். பனி அரை நிமிஷம், எடுத்துடறான். மறுபடி தீ ரெண்டு நிமிஷம். இப்படியே நாள் கணக்கா. நவம்பருக்கு அப்புறம் நடுவுல தண்ணி வருது. பார்த்து வெச்சுக்கினு நானும் செஞ்சேன். எந்த நேரத்துல எடுக்கணும்னு கை சொல்லணும் சார். என் கை சொல்லல."

"இது வாளா, சமையல் குறிப்பா?" என்றாள் ரூபா. "ரெண்டு நிமிஷம் கொதிக்க விடு, இறக்கு, ஆற விடு, மறுபடி ஏத்து. உப்பு எப்போ போடணும்னு மட்டும்தான் எழுதல."

தமிழ்வேந்தன் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை ரூபாவுக்குத் தெரியும். அவள் வாய்க்கு வந்ததை உளறி, அவர் காதில் அது வேறாக விழுந்தால் இப்படித்தான் பார்ப்பார்.

"பென்னி உலைக்களத்துல வேலை செய்யறதை நீ கண்ணால பார்த்திருக்கியா, சுதீர்?"

சுதீர் யோசித்தான். "லேது சார், பார்த்ததில்ல. சண்டைதான் போடுவான் என் பக்கத்துல உக்காந்து. வாள் மறுநாள் தானா வலுவா இருக்கும். எப்படிடான்னா சிரிப்பான்."

"நேரத்தைப் பாரு. எல்லாமே மதியம் ஒண்ணுலேர்ந்து ஒண்ணரைக்குள்ள. ரெண்டு வருஷமா அப்படித்தான். மதியம் ஒரு மணிக்கு பென்னி எங்க இருப்பான்?"

"ஏதாவது ஊர்ல மோட்டாரைக் கழட்டிக்கினு இருப்பான். கையெல்லாம் கிரீஸா..." சுதீர் நிறுத்தினான்.

"செத்ததுக்கு அப்புறம் மட்டும் இல்லை ரூபா" என்றார் தமிழ்வேந்தன். "உயிரோட இருந்தப்பவும் அந்த வாளைச் செஞ்சது பென்னி இல்லை. வாளைப் புடிச்சிருக்கிறவன்தான் வாளைச் செஞ்சவன்னு எல்லாரும் நினைச்சுட்டாங்க. நானும்தான்."

"அப்போ யாரு சார்?"

"நீதான் சொன்னியே, சமைக்கிறவங்க. கொதிநீர்ல ரெண்டு நிமிஷம், வெதுவெதுப்புல அரை நிமிஷம், திரும்பக் கொதிநீர். குப்பம் பக்கம் பட்டுக்கூடு திருடின கேஸ்ல மூணு நாள் காவல் உக்காந்தேன், ஞாபகம் இருக்குதா? பட்டுக்கூட்டை அப்படித்தான் வேகவெப்பாங்க. ஒரேயடியா கொதிக்க விட்டா கூடு கூழாயிடும். வேகலைன்னா இழை அறுந்துபோகும். சூட்டையும் குளிரையும் மாத்தி மாத்திக் குடுத்தாத்தான் அறுக்காம வரும். அந்தக் கைதான் இந்த வாளைச் செஞ்சிருக்கு. அந்தக் கைதான் பையன் மணிக்கட்டுல கச்சாப் பட்டு நூலைக் கட்டியிருக்கு."

தபிதாவுக்குப் போன் போட்டார்கள். பென்னியின் சர்வீஸ் டைரியிலிருந்து ஊர்களை அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். எண்ணெய் மில், ஐஸ் பேக்டரி, அரிசி மில், மாம்பழக் கூழ் பேக்டரி. பட்டு ரீலிங் யூனிட், அதாவது கூட்டிலிருந்து நூல் உருவும் இடம், என்று எழுதியிருந்தது ஒன்றே ஒன்று. ராமகுப்பம்.

"நாலு மணி நேரம் ஆவும் சார்" என்றாள் ரூபா, சாவியை எடுத்தபடி.

"மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரணும். அந்தக் கை வஜ்ரகோட்டைக்குள்ள வர்ற நேரம்."

ரூபா மிதித்த மிதியில் பலமநேர் மலையேற்றம் எப்போது வந்தது எப்போது போனது என்றே தெரியவில்லை. உயிருக்கு ஆபத்து என்று தமிழ்வேந்தன் இரண்டு முறை சொன்னார். பேயைப் பிடிக்கப் போகிறவர் சாவுக்குப் பயப்படலாமா என்று அவள் கேட்டாள். உள்ளுக்குள் அவளுக்கு வேறு பயம் வந்திருந்தது. பேயாக இருந்தால்கூடத் தேவலை. பென்னியே அங்கே பனியன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், சித்தூர் கல்லறையில் கிடப்பவன் யார்?

*

ராமகுப்பத்துக்கு வெளியே அந்த யூனிட். நீராவியும் புழு வெந்த நாற்றமும் ரோடு வரைக்கும் வந்தன. மணி ஒன்று பத்து. இயந்திரங்கள் நின்றிருந்தன. பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் தள்ளி, புங்கமரத்தடியில், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு மடியிலிருந்த போனில் விரலை வைத்து மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். வெந்நீரிலேயே கிடந்து விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. போன் திரையில் சிவப்பு எரிந்து, வெளுத்து, நடுவில் நீலம் ஓடியது.

தமிழ்வேந்தன் ரூபாவின் முழங்கையைத் தொட்டு முன்னால் போகச் சொன்னார்.

"நீ யாரும்மா?" என்று ரூபா கேட்டாள்.

"யாமினி" என்று நிமிர்ந்தாள் அவள். பிறகு வெளியூர்க் காரைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்த மாதிரி ஒரு முகம் மலர்ந்ததை ரூபா அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

"அவரு அனுப்பிச்சாரா அக்கா?"

ரூபா ஓர் அடி கிட்டே போனாள். "யாரு?"

"பென்னி. நீங்க அவங்க அக்கா தபிதாதானே? வீட்ல ஒத்துக்கினாங்களா?" யாமினி அவசர அவசரமாக எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள். அவள் இடது மணிக்கட்டில் வெளுத்த மஞ்சள் இழை, மூன்று முடிச்சு. ரூபா அதையே பார்த்தாள். யாமினி வெட்கத்தோடு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "இது சாமி கயிறு இல்லைக்கா. நான் உருவின நூல்தான். எனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு. கயிறு கட்டினா எங்க நைனா திட்டுவாருன்னாரு. நூல்தானேன்னு நான்தான் புடிவாதமா கட்டி அனுப்பிச்சேன்."

தமிழ்வேந்தன் பக்கத்தில் வந்தார். "கடைசியா அவரை எப்போ பார்த்தேம்மா?"

"நவம்பர் பதினேழு. மழை ஊத்திக்கினு இருந்தது. கிறிஸ்துமஸ்ல வீட்ல சொல்லிடறேன், அதுவரைக்கும் வீட்டுக்குப் போன் பண்ணாத, நானே வருவேன்னு சொல்லிட்டுப் போனாரு. அப்புறம் போனே போவல. வீட்ல தெரிஞ்சுபோய் போனைப் புடுங்கிக்கினாங்கன்னு நினைச்சேன். நல்லவேளை, கேம் இருக்குது."

"கேம்லயா?"

"அவரு பழைய போனை எனக்குக் குடுத்திருந்தாரு. வாளை நான் செய்வேன், சண்டை அவரு போடுவாரு. எனக்குச் சண்டை புடிக்காது." யாமினி சிரித்தாள். "அவரு தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு உள்ள வர்றாரு. எனக்கு அந்நேரம் வேலை, போன் தொட முடியாது. மறுநாள் பார்த்தா நேரம் காட்டும். ஆத்தங்கரையில நிறுத்திட்டுப் போனேன்னா மேட்டு மேல ஏறி நிப்பாரு. ஒரு நாள் தப்பாது. நான் நல்லா இருக்கேன், வழியைப் பார்த்துக்கினு நிக்கறேன்னு சொல்றாரு. அதுக்குத்தான் நானும் தண்ணியைச் சேர்த்துக்கினு இருக்கேன். தண்ணி நடுவுல இருந்தா தீயும் பனியும் எத்தனை வருஷம் ஆனாலும் பிரியாது."

ரூபா ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தாள். ஆறு மணி. ஒற்றை விரல். மேட்டு மேல் நிறுத்திவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்ற குரல். நாலு மாதமாகச் சித்தூரில் ஒருவர் இவளைத் தன் மகன் என்று நம்புகிறார். நாலு மாதமாக இவள் அவரைத் தன் பென்னி என்று நம்புகிறாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பேயாக இருந்திருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் அது தெரியாது.

சொல்ல வேண்டியவர் தமிழ்வேந்தன். அவர் தலை குனிந்திருந்தது. எத்தனையோ கொலைகாரர்களை முகத்துக்கு நேரே பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரூபாதான் யாமினியின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாமினி, ஆறு மணிக்கு வர்றது பென்னி இல்லைம்மா. அவரோட நைனா."

"நைனாவா? அவருக்கு இதெல்லாம் தெரியாதே." அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "அப்போ பென்னி?"

ரூபாவால் முடியவில்லை. கண் தானாக நிரம்பிவிட்டது. யாமினி அதைப் பார்த்தாள். பிறகு தமிழ்வேந்தனைப் பார்த்தாள். சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்று, மெல்லப் போயிற்று.

"எப்போ?"

"இங்கேர்ந்து போன அன்னிக்கே. தரைப்பாலத்துல."

யாமினி உட்கார்ந்தாள். திறந்து கிடந்த டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. நாலு முறை அழுத்தினாள்.

"நான் அவரு மேல கோவமா இருந்தேன்கா" என்றாள். "நேர்ல வரமாட்டேங்கறாரேன்னு. நாலு மாசமா தெனமும் திட்டிக்கினேதான் வாளைச் செஞ்சேன்."

யூனிட்டில் மணி அடித்தது. பெண்கள் எழுந்து உள்ளே போனார்கள். அவள் எழவில்லை. அழுது முடிக்கும்வரை ரூபா அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டிருந்தாள். தமிழ்வேந்தன் பிறகு மெதுவாக, சுருக்கமாக, வியாழக்கிழமைக் காரியத்தைச் சொன்னார். சாமிக் கயிறு என்பதால் மகன் இல்லை என்று அப்பா நம்புவதைச் சொன்னார். வாளில் ஏறும் தண்ணீரைச் சொன்னார்.

"அவங்ககிட்ட நாங்க சொல்லிக்கறோம்" என்று முடித்தார்.

யாமினி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வேணாம் சார். நீங்க சொன்னா நம்பமாட்டாரு. நூலைக் கட்டினவ நான். நானே சொல்றேன்."

*

சித்தூர் போகும்வரை அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அவங்க அம்மா இருக்காங்களா என்று. இருக்காங்க என்றாள் ரூபா. அதற்குப் பிறகு காரில் எவரும் பேசவில்லை. ரூபாவின் வாழ்க்கையில் அப்படி ஒரு பயணம் அதுவே முதல் தடவை.

ஆறு அடிக்க ஐந்து நிமிடம். தியோடர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திரையில் வீரன் உலைக்களத்தின் அருகே, ஆற்றைப் பார்த்தபடி.

"பார்த்தீங்களா? இன்னிக்கும் தண்ணி ஓரமாத்தான் நிக்கிறான்" என்றார், வந்தவர்களைத் திரும்பிப் பார்க்காமலே.

"அங்க நிறுத்தினது நான்தாங்க மாமா" என்றாள் யாமினி.

தியோடர் திரும்பினார். புழு நாற்றம் போகாத புடவையில், சுருங்கிய விரல்களோடு நின்ற பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார். தபிதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

யாமினி நின்றபடியே சொன்னாள். இரண்டு வருடக் கதை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. போனைத் திறந்து வாளைக் காட்டினாள். மேசை மேலிருந்த கவருக்குப் பக்கத்தில் தன் மணிக்கட்டை வைத்தாள். தியோடர் பார்க்க மறுத்தார்.

"பொய்" என்றார். "எவனோ சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கான். அன்னிக்கு என் புள்ளை என்ன சட்டை போட்டிருந்தான், சொல்லு."

"பச்சைக் கட்டம் போட்டது. மூணாவது பொத்தான் கிடையாது. தைச்சுத் தர்றேன்னேன். நேரமாச்சுன்னு கிளம்பிட்டாரு."

அந்தச் சட்டையைத் தியோடர் தன் கையாலேயே போலீஸ் ஸ்டேஷனில் விரித்துப் பார்த்திருக்கிறார். இருந்தும் மனிதர் விடவில்லை. ஒரு வாசல் மூடினால் இன்னொரு வாசலைத் தட்டினார். தட்டத் தட்டக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"மழையிலயே கிளம்பினானா?"

"நிக்கச் சொன்னேன் மாமா. கேக்கல."

"பசியோட போனானா?"

"இல்லை மாமா. என் டப்பாவுலதான் துன்னாரு. களியும் கீரையும்."

"கீரையா?" தியோடர் பாதி எழுந்தார். இதோ பிடித்துவிட்டேன் என்கிற வேகம் அவர் முகத்தில் வந்தது. "கீரைய அவன் தொடமாட்டானே! இருபத்தெட்டு வருஷமா அவங்கம்மா கெஞ்சியிருக்கா. ஒரு வாய் துன்னது கிடையாது."

"எனக்கும் தெரியும் மாமா. முதல்ல மூஞ்சியைச் சுளிச்சாரு. வீட்ல அம்மா செஞ்சா வேணாம்னு சொல்லிடுவேன், உன்கிட்ட சொல்ல பயமா இருக்குதுன்னு சொல்லிக்கினே துன்னாரு. போகப் போக ரெண்டு வாட்டி வாங்கிக்குவாரு. இதை அம்மாகிட்ட சொல்லிடாத, மானம் போயிடும்னாரு."

அந்தக் குரல் பென்னியின் குரல். அதை அவள் எங்கேயும் கற்றுக்கொண்டு வந்திருக்க முடியாது. தியோடர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அழுதார். ஏரிக்கரையிலும் அழாதவர், கல்லறையில் மண் போடும்போதும் அழாதவர் என்று தபிதா பிறகு சொன்னாள்.

வெகுநேரம் கழித்து அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தபிதா, ஒரு பேப்பர் கொண்டா. ஆர்.டி.ஓ.வுக்கு எழுதணும். நாளைக்கு யாரும் வரவேணாம். அது என் புள்ளைதான்."

அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது ஜெயசீலி கதவருகிலிருந்து வந்தாள். யாமினிக்கு எதிரில் நின்று, அவளுடைய சுருங்கிய விரல்களை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"என்ன கீரைம்மா அது?" என்று கேட்டாள்.

"புளிச்சக்கீரை அத்தை."